மரப்படிக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: குளச்சலுக்கு அருகே, மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் மாமியாருடன் வசிக்கிறேன். மச்சுக்குப் போகும் மரப்படியில் 14 படிகள். மூன்று படிகள் ஆடுகின்றன, கைப்பிடியும் அசைகிறது. எல்லாப் படிகளையும் தேக்கில் மாற்றி, கைப்பிடியைப் புதிதாகச் செய்து, பாலிஷ் போட்டுத் தர ஆசாரி 1,65,000 ரூபாய் கேட்கிறார். பழைய அயனி மரப் பலகைகளை அவரே அப்புறப்படுத்திவிடுவாராம். நகையை அடகு வைக்கும்படியும், தான் மாதாமாதம் பணம் அனுப்புவதாகவும் வளைகுடாவில் இருக்கும் மகன் சொல்கிறான். கையில் 40,000 ரூபாய், வங்கியில் 2 லட்சம் நிரந்தர வைப்பு, குடும்ப ஓய்வூதியம் 18,000 ரூபாய். என்ன செய்வது?

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஆசாரி சொன்ன தொகைக்குள் மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன: ஆடுவதைச் சரிசெய்வது, பலகை மாற்றுவது, பாலிஷ் போடுவது. இவற்றில் முதல் வேலைதான் அவசரம். மூன்றுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறொருவரைப் பாருங்கள். வேலை முடியும்வரை மாமியார் கீழேயே படுக்கட்டும். பழுதில் முதலில் கைப்பிடியைச் செய்யுங்கள். கால் இடறினால் பிடிக்க வேண்டியது அதைத்தானே.

படி ஆடினால் பலகை கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கடலோர வீடுகளில் உப்புக் காற்று இரும்பு ஆணிகளைத் துருவாக்கித் தின்றுவிடும். ஆணி மெலிந்து துளை அகலும்போது பலகை ஆடத் தொடங்கும். ஒரு கத்தி முனையால் ஒவ்வொரு பலகையையும் ஓரத்திலும் அடியிலும் குத்திப் பாருங்கள். முனை இறங்காவிட்டால் மரம் உறுதியாக இருக்கிறது. துருவேறாத எஃகுத் திருகாணியும் நல்ல மரப்பசையும் போட்டால் போதும். கைப்பிடியில் கடைசல் கால்களின் பொருத்துகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். மேலே இன்னொரு ஆணி அடித்து முடிக்கப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள், மரம் பிளக்கும்.

செலவு நியாயமாகவே கூடக்கூடிய இடம் ஒன்று உண்டு. படிகளைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டங்கள் தரையைத் தொடும் இடத்தையும் குத்திப் பாருங்கள். கறையான் ஏறுவதும் ஈரம் ஊறுவதும் பெரும்பாலும் அங்கேதான். அது கெட்டிருந்தால் சிக்கனம் பார்க்க வேண்டாம். அடியை வெட்டி நல்ல மரம் சேர்த்து, கறையான் மருந்தும் அடியுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் கறையான் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது.

இனி மரக் கணக்கு. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். உங்கள் படி 3 அடி நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் ஒரு பலகைக்கு 0.31 கன அடி. பதினான்கு பலகைக்கும் சேர்த்து 4.4 கன அடிதான். சேதாரம் சேர்த்து ஐந்தரை என்று வையுங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இரண்டு மரக்கடைகளில் தேக்கின் கன அடி விலையைக் கேட்டுப் பெருக்கினால், 1,65,000 ரூபாயில் மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தெரிந்துவிடும். மூன்று படிகளை மட்டும் மாற்றுவதானால் ஒன்றேகால் கன அடியில் வேலை முடிந்துவிடும். தேக்கே வேண்டுமென்பதும் இல்லை. அயனிக்கு அயனியே பொருந்தும். விலை குறைவு என்று ரப்பர் மரத்தைக் காட்டினால், மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். ஏற்றாத ரப்பர் மரம் விரைவில் உளுத்துவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது "நானே அப்புறப்படுத்திவிடுகிறேன்" என்ற பேச்சுதான். நன்றாகக் காய்ந்து முற்றிய பழைய அயனிப் பலகைக்கு எப்போதும் விலை உண்டு. மாற்றியே ஆக வேண்டிய பலகைகளையும் அளந்து, விலை பேசி, மொத்தத்தில் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பக்கச் சட்டத்துக்கு ஒட்டுப் போடவே அது உதவும்.

பணத்துக்கு வருகிறேன். 1,65,000 ரூபாய்க்கு நகையை வைத்து, வட்டி 12 சதவீதம் என்று கொண்டால், மாதம் 1,650 ரூபாய் வட்டிக்கே போகும். மகன் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் நகைக் கடனில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போவது எளிது, அசல் அப்படியே நிற்கும். அங்கே அவருக்கு ஒரு சில மாதம் சம்பளம் தாமதமானாலும் இங்கே நகைக்கு ஆபத்து.

கையிருப்பில் 25,000 ரூபாயைப் பழுதுக்கு ஒதுக்குங்கள்; மீதி மருத்துவச் செலவுக்கு இருக்கட்டும். பக்கச் சட்டமும் கெட்டிருந்து மேலும் 30,000 தேவைப்பட்டால், வைப்பை உடைக்காமல் அதன்பேரில் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். 9 சதவீதத்தில் வாங்கி மாதம் 3,000 வீதம் அசலைத் திருப்பினால் பத்து மாதத்தில் மொத்த வட்டி சுமார் 1,250 ரூபாய். வைப்புக்கான வட்டியும் வந்துகொண்டிருக்கும். மகன் அனுப்பவிருக்கும் பணத்தை இதற்குத் திருப்பிவிடுங்கள்.

பாலிஷ் தை பிறந்த பிறகு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் பூசினால் பூச்சு வெளுக்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அதற்குள் பணமும் சேரும். உப்புத்தாள் தேய்ப்பதை நீங்களே செய்தால் கூலி குறையும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். மிதிக்கும் பரப்பில் மினுமினுப்பான பூச்சு வேண்டாம், மாமியார் வழுக்கிவிடுவார். மங்கலான பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு கேளுங்கள்.

முன்பணமாக மரம் வாங்கும் தொகையை மட்டும், மரக்கடை ரசீதைப் பார்த்துக் கொடுங்கள். பாதிக் கூலியைக் கைப்பிடி முடிந்ததும் கொடுங்கள். மீதிக் கூலியை, நீங்கள் 14 படிகளிலும் ஏறி இறங்கி, ஒரு படியும் அசையவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.