ஏற்காடு உதவிபெறும் பள்ளி: விவிலிய வகுப்பு கட்டாயமா?

கட்டாயமில்லை. விவிலிய வகுப்பிலிருந்து உங்கள் மகளை எழுந்துபோக விடுவதில்லை என்கிறீர்கள், பள்ளி செய்வது தவறு. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி சிறார்களைச் சமயப் போதனையில் உட்கார வைக்கக்கூடாது: அரசியலமைப்புப் பிரிவு 28(3). முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளி என்றால் 28(1)படி போதனையே கூடாது, கீதையானாலும் சரி.

வகுப்பையே நிறுத்தச் சொல்லாதீர்கள், மனு அங்கேயே விழுந்துவிடும். "என் மகளுக்குச் சம்மதமில்லை, அந்த நேரம் நூலகத்தில் இருக்கட்டும்" என்று மட்டும் தலைமையாசிரியருக்கு எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் பின்னால் நிற்காது. பதில் வராவிட்டால் அதே நகலோடு சேலம் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள்.

தமிழ்ப் பாடத்தில் வரும் தேம்பாவணி, சீறாப்புராணம், கம்பராமாயணம் இதில் சேராது. அவை இலக்கியம், பிள்ளை அவசியம் படிக்கட்டும்.