கொம்பு ஊதாத புத்தாண்டும் நகராத ஓலையும்: யூதப் பண்டிகை நாட்கள் – கேள்வி பதில்

யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்தில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) சில பொருட்களைக் கையில் எடுக்கக் கூடாது என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன். 'முக்ட்சே' என்ற அந்தச் சட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: முக்ட்சே என்பது நம் ஊர் தீட்டு மாதிரியா?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். முக்ட்சே என்றால் எபிரேயத்தில் 'ஒதுக்கி வைத்தது'. பொருளில் அசுத்தம் எதுவும் இல்லை. அன்றைக்கு அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். அசைக்காமல் வெறுமனே தொட்டால்கூடப் பொதுவாகத் தவறில்லை. எடுத்து நகர்த்துவதுதான் பிரச்சினை.

எல்லாப் பொருளும் ஒரே தரமும் இல்லை. கல், காசு போன்றவை கடுமையான ரகம். சுத்தியல் கொஞ்சம் இளகிய ரகம்: ஆணி அடிக்கக் கூடாது, ஆனால் கொட்டை உடைக்க எடுக்கலாம் என்று யூதச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. விருத்தசேதனக் கத்தி போல, கெட்டுவிடுமோ என்று மற்ற வேலைக்கு யாரும் தொடாத விலையுயர்ந்த கருவிகள் மறுபடியும் கடுமையான ரகம்.

கேள்வி: யூதப் புத்தாண்டு சனிக்கிழமையில் வந்தால் கொம்பு ஊதுவதில்லையாமே? அந்த நாளின் முக்கியக் கடமையே அதுதானே?

ஆமாம், ஊதுவதில்லை. 2020-லும் 2023-லும் ரோஷ் ஹஷானாவின் (யூதப் புத்தாண்டின்) முதல் நாள் சனிக்கிழமை. மரபுவழி ஜெப ஆலயங்களில் அன்றைக்கு ஷோபார் என்ற அந்தக் கொம்பின் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் ஊதினார்கள்.

ஊதுவது தடைசெய்யப்பட்ட வேலை என்பதால் அல்ல. அது 'திறமை, வேலை அல்ல' என்று மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ரப்பா என்ற அறிஞர் தரும் காரணம் வேறு. ஊதத் தெரியாத ஒருவன், கற்றுக்கொள்ளலாம் என்று கொம்பைத் தூக்கிக்கொண்டு தெரிந்தவர் வீட்டுக்கு நடப்பான். பொது வீதியில் நாலு முழம், அதாவது சுமார் இரண்டு மீட்டர், சுமந்தாலே ஷபாத் மீறல். ஆர்வக்கோளாறில் ஒருவன் தவறிவிடக் கூடாது என்று ஊர் முழுக்கக் கொம்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் சட்டம் இது.

எருசலேம் ஆலயம் இருந்தவரை அங்கே மட்டும் ஷபாத்திலும் ஊதினார்கள். ஆலயம் இடிந்த பிறகு, யாவ்னே ஊரில் இந்தக் கேள்வி எழுந்தது. "ஊதலாம்" என்றார் ரப்பான் யோஹனான் பென் ஸக்காய் என்ற அறிஞர். "முதலில் விவாதிப்போம்" என்றார்கள் மற்றவர்கள். "ஊதிவிட்டு விவாதிப்போம்" என்றார் இவர். ஊதி முடித்ததும், "சரி, இப்போது விவாதிக்கலாமா?" என்று கேட்டார்கள். "யாவ்னேயில் கொம்புச் சத்தம் கேட்டாகிவிட்டது, நடந்து முடிந்ததற்கு மறுப்பு ஏது?" என்றாராம்! நீதிமன்றம் உள்ள ஊரில் ஊதலாம் என்ற அவருடைய ஏற்பாடு நடைமுறையில் நிலைக்கவில்லை. இன்று சீர்திருத்தப் பிரிவினர் பலர் சனிக்கிழமையிலும் ஊதுகிறார்கள்.

கேள்வி: அன்றைக்கு அந்தக் கொம்பு சாப்பாட்டு மேசையில் கிடந்தால்?

எடுத்து வைக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவில் இருந்த சட்ட அறிஞர் மோசே இஸ்ஸெர்லெஸ் இதை எழுதியே வைத்திருக்கிறார்: ஷோபாரைப் பயன்படுத்தவோ அது இருக்கும் இடம் தேவைப்பட்டாலோ நகர்த்தலாம். தட்டு வைக்க இடம் வேண்டும், சரி. கொம்பு வெயிலில் காய்கிறதே என்று தூக்கி வைப்பது, கூடாது.

கேள்வி: கூடாரப் பண்டிகையான சுக்கோத்தில் கையில் பிடிக்கும் ஓலைக்கும் பழத்துக்கும் இதே சட்டமா?

இங்கேதான் சுவாரஸ்யம். சுக்கோத்தில் நான்கு பொருட்கள்: பேரீச்சையின் விரியாத குருத்தோலை (லுலாவ்), மிர்த்தல் கிளை, ஆற்றலரி (வில்லோ) கிளை, அப்புறம் நார்த்தங்காய் ஜாதியைச் சேர்ந்த எத்ரோக். ரப்பாவின் அதே காரணத்தால் ஷபாத்தில் இவற்றை எடுத்து ஆசீர்வாதம் சொல்வதில்லை. அந்தக் கடமை இல்லையென்றால் ஓலைக்கு வேறென்ன வேலை? ஒன்றுமில்லை. எனவே அன்றைக்கு அது கல்லுக்குச் சமம், நகர்த்தக் கூடாது. எத்ரோக்கை மட்டும் எடுக்கலாம், ஏனென்றால் அதற்கு வாசனை இருக்கிறது. முகர்ந்து பார்க்க உதவும். முந்தின நாள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவற்றில் ஒன்று கல், ஒன்று பழம்!

ஷபாத் அல்லாத பண்டிகை நாளில் ஓலையைத் திரும்பத் தண்ணீரில் வைக்கலாம், தண்ணீர் சேர்க்கலாம், ஆனால் பழைய தண்ணீரைக் கொட்டி மாற்றக் கூடாது. பண்டிகையின் நடுவில் வரும் இடைநாட்களில் மாற்றலாம்.

கேள்வி: தோரா (யூத வேதம்) சுருளை ஷபாத்தில் எடுக்கலாமா?

அன்றைக்கே வாசிக்கும் நூல். தாராளமாக எடுக்கலாம்.

கேள்வி: ஷபாத்துக்கு ஏற்றிய மெழுகுவத்தி அணைந்த பிறகு அந்த வெள்ளித் தாங்கியை நகர்த்தலாமா?

பொதுவாகக் கூடாது. வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் அதன் மேல் சுடர் இருந்தது, சுடரும் முக்ட்சேதான். அப்போதே தாங்கி அந்தச் சுடரின் பீடமாகிவிட்டது. அந்த நிலை நாள் முழுக்க மாறாது. அடியில் இருக்கும் மேசைக்கும் இதே கதி வரக்கூடும். அதனால் பல வீடுகளில் இருட்டும் முன்பே ஷபாத் ரொட்டிகளையும் மேசையில் வைத்துவிடுகிறார்கள். சுடரைவிட ரொட்டி முக்கியம் என்பதால் மேசை ரொட்டிக்குப் பீடமாகி, தேவைப்பட்டால் நகர்த்தலாம். தாங்கியைக் கையில் தூக்க முடியாது என்பது மட்டும் மாறாது.

கேள்வி: ஜெபத்தின்போது கட்டும் தோல்பெட்டிகள் (தெஃபிலின்) ஷபாத்தில் வழியில் கிடந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானா?

விடக் கூடாது, பரிசுத்த எழுத்து உள்ளே இருக்கிறதே. சுமக்கவும் கூடாது. மிஷ்னாவின் வழி: அணிந்துகொள்! ஷபாத்தில் தெஃபிலின் அணிவது வழக்கமில்லை, ஆனால் உடம்பில் இருப்பது சுமை ஆகாது. பல ஜோடிகள் (கைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று) கிடந்தால், ஒரு ஜோடியைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து கழற்றி வைத்துவிட்டு, அடுத்த ஜோடிக்குத் திரும்பிப் போக வேண்டும். இரண்டிரண்டு ஜோடியாகக் கொண்டுவரலாம் என்கிறார் ரப்பான் கமாலியேல் என்ற அறிஞர். நடை பாதியாகக் குறையும்.