'டிஸ்ஆர்டர்லி ஹவுஸ்' என்றால் குப்பையாகக் கிடக்கும் வீடா?

பழைய ஆங்கிலச் சட்டத்தில் 'டிஸ்ஆர்டர்லி ஹவுஸ்' என்று வருகிறதே, வீடு ஒழுங்காக இல்லாவிட்டால் குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. இது நாம் 'சட்டம் ஒழுங்கு' என்கிறோமே, அந்த ஒழுங்கு. விபசார விடுதி, சூதாட்ட விடுதி, உரிமம் இல்லாத ஆட்டபாட்டக் கூடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கிலாந்தில் வைத்த பெயர் இது. பொதுமக்களுக்குத் தொல்லை என்ற வகையில்தான் இது குற்றமானது. அதனால் பிடி முக்கியமாக விழுந்தது, இடத்தை நடத்துகிறவர் மேல்.

1751ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தால் அந்தக் கால லண்டன் கண்முன் வரும். திருட்டும் வழிப்பறியும் பெருக இந்த மாதிரி இடங்களே காரணம் என்று முகவுரையிலேயே இருக்கிறது. லண்டனைச் சுற்றி 20 மைலுக்குள் பாட்டும் நடனமும் நடத்த உரிமம் வேண்டும். உரிமம் உண்டு என்பதை வாசலுக்கு மேலே பெரிதாக எழுதி வைக்க வேண்டும், மாலை 5 மணிக்கு முன் திறக்கக் கூடாது. வரி கட்டும் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் இப்படி ஒரு விடுதியைப் பற்றிக் காவலரிடம் எழுதிக் கொடுத்து, குற்றம் உறுதியானால் ஆளுக்கு 10 பவுண்டு கிடைக்கும். அன்றைக்கு அது பெரிய பணம்.

உண்மையான முதலாளி பின்னால் ஒளிந்துகொள்வது அப்போதும் வழக்கம்தான். அதற்கும் வழி செய்திருந்தார்கள். எஜமானர் போல நடந்துகொள்கிறவர் யாராக இருந்தாலும் அவரே நடத்துபவராகக் கருதப்படுவார்.

இந்தச் சொல் கனடாவுக்கும் போயிற்று. குற்றவியல் சட்டத்தில் விபசார விடுதி, பந்தய விடுதி, சூதாட்ட விடுதி மூன்றும் இதற்குள் அடங்கியிருந்தன. ஆனால் அங்கே 'விபசார விடுதி' என்பதில் 'ஆபாசச் செயல்' நடக்கும் இடமும் சேர்ந்திருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 1981 பிப்ரவரி 5 அன்று டொராண்டோவில் ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் குளியல் விடுதிகளில் காவல்துறை புகுந்து, ஏறக்குறைய 300 பேரைப் பிடித்தது. பெரும்பாலானோர் மீதான குற்றச்சாட்டு 'விடுதிக்குள் இருந்தார்கள்' என்பதுதான். விபசாரம் செய்தார்கள் என்பதல்ல. டொராண்டோ காவல்துறைத் தலைவர் வருத்தம் தெரிவிக்க 2016 ஆயிற்று. அந்த விடுதிப் பிரிவு 2019இல்தான் நீங்கியது.

இதைத் தமிழாக்க வேண்டி வந்தால் 'ஒழுங்கீன விடுதி' என்றே எழுதுங்கள். 'விபசார விடுதி' என்று சுருக்கினால் சூதாட்டம் விட்டுப்போகும். அதைவிட, அந்த 300 பேரையும் இன்னொரு முறை தவறாக எழுதியதாகிவிடும்.