முள்ளு முனையிலே மூணு குளம்

கேள்வி: என் பாட்டி பாடிய ‘முள்ளு முனையிலே மூணு குளம் வெட்டினேன்’ என்ற பாட்டை என் பேத்திக்குச் சொல்லித் தருகிறேன். ‘ரெண்டு குளம் பாழு, ஒண்ணுல தண்ணியே இல்லே’ என்றதும், “மூன்றும் வறண்ட குளம்தானே, ஏன் பிரித்துச் சொல்ல வேண்டும்?” என்று கேட்கிறாள். வாய்வழி வந்ததில் அடி சிதைந்துவிட்டதா? இதற்கு உட்பொருள் உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அடி சிதையவில்லை, உங்கள் பேத்தி தடுக்கி நின்ற இடத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது. இரண்டு பாழ் என்றதும், மூன்றாவதாவது உருப்படியாக இருக்கும் என்று கேட்பவர் மனம் காத்திருக்கும். அந்த வேளையில் ‘தண்ணியே இல்லே’ என்று பாடுபவர் கையை விரிப்பதால்தான் சிரிப்பு வருகிறது. அந்த ஏகாரத்தை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், அடி சப்பென்று போய்விடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தண்ணீரில்லாத குளத்துக்குக் குயவர் மூவர் வருகிறார்கள். இருவர் முடவர், ஒருவனுக்குக் கையே இல்லை. கையில்லாதவன் சட்டி வனைகிறான், வேகாத சட்டியில் அரிசி போடுகிறார்கள், வேகாத சோற்றுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். முன்னடி முடிந்த சொல்லில் பின்னடி தொடங்கும் இந்த அந்தாதிப் போக்கில், பாட்டை முன்னே நகர்த்துவது எப்போதும் ‘இல்லாத’ அந்த ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் இந்த முறை மாறுவதில்லை.

உட்பொருள் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஏனெனில் இதே பாட்டு மராத்தியில் 13ஆம் நூற்றாண்டின் துறவிக் கவிஞர் ஞானேசுவரர் பெயரிலும், கன்னடத்தில் புரந்தரதாசர் பெயரிலும் வழங்குகிறது. மராத்தியில் முள் முனையில் இருப்பவை குளங்களல்ல, மூன்று ஊர்கள். இரண்டு பாழ், ஒன்றில் குடியே ஏறவில்லை. இந்த அனுபவம் சற்குரு இல்லாமல் விளங்காது என்று அது முடிவதால், அங்கே தத்துவப் பொருள் தேடுவது பொருத்தமே. வசிட்டர் இராமருக்கு உபதேசிக்கும் யோகவாசிட்டம் என்ற வேதாந்த நூலிலும் ஒரு செவிலி குழந்தைக்குச் சொல்லும் கதை வருகிறது. இல்லாத நகரத்தில் மூன்று அரசகுமாரர்கள். இருவர் பிறக்கவேயில்லை, ஒருவன் கருவிலேயே உருவாகவில்லை. உலகமும் இப்படி மனம் கட்டிய கதைதான் என்று காட்டவே வசிட்டர் அதை இராமருக்குச் சொல்கிறார்.

ஆனால் நம் பாட்டில் குருவும் இல்லை, பாடியவர் தம் பெயரைப் பொறிக்கும் முத்திரையும் இல்லை. திண்ணையிலும் தாழ்வாரத்திலும் குழந்தைகளைச் சிரிக்க வைத்து வளர்ந்த பாட்டின் மேல் முக்குணத்தையும் மாயையையும் ஏற்றுவதை என் மனம் ஒப்பவில்லை. முயற்கொம்பும் ஆகாயத் தாமரையும் விளைகிற மொழியில், முள் முனையில் குளம் வெட்டுவதற்குத் தனிக் காரணம் வேண்டியதில்லை.

விருந்தாளிகள் பட்டினியாகத் திரும்பியதோடு நிறுத்த உங்கள் பேத்திக்கு மனமில்லையென்றால், மராத்திப் பாட்டின் வழியில் அவளே நீட்டட்டும். அங்கே மூன்று ரூபாய் வருகிறது, இரண்டு கள்ளக்காசு, ஒன்று செல்லவே செல்லாது. அதைப் பார்த்துச் சொல்ல மூன்று நோட்டக்காரர்கள் வருகிறார்கள், இருவர் குருடர், ஒருவனுக்குக் கண்ணே தெரியாது.