நுவரெலியா இருக்க டார்ஜிலிங் எதற்கு? வாசகர் கேள்வி-பதில்

வடஇந்தியப் பயணங்களை ஒழுங்கு செய்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வருவது என் வேலை. இமயமலையை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்கள் எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் டார்ஜிலிங் என்பேன். அதைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நுவரெலியா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர், தேயிலை, வெள்ளைக்காரர் கட்டிய பங்களா எல்லாம் அங்கேயும் உண்டு. இவ்வளவு செலவழித்து டார்ஜிலிங் போகத்தான் வேண்டுமா?
வாசகி, வெள்ளவத்தை

நியாயமான கேள்வி. ஊரை மட்டும் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், டார்ஜிலிங் 2,040 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நம் நாட்டின் உயரமான மலையான பிதுருதலாகலை 2,524 மீட்டர். டார்ஜிலிங்கில் சூரிய உதயம் பார்க்க ஜீப்பில் ஏறிப் போகிற டைகர் ஹில்லே 2,590 மீட்டர். அங்கே நின்றுகொண்டு எதிரே பார்க்கிற கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர், உலகின் மூன்றாவது உயரமான சிகரம்.

முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள். மலையை அடிவானத்தில் தேடுவார்கள். அங்கே நீலமாகச் சில மலைகள் தெரியும், "இதுதானா?" என்பார்கள். அதற்கும் மேலே, மேகத்துக்கும் மேலே, வானம் என்று விட்டுவிட்ட இடத்தில் வெள்ளையாக நிற்கும் அது. கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். அந்த நிமிடத்தில் ஆட்கள் பேச்சை நிறுத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவின் ஊர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. டார்ஜிலிங் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்தபோது கால் நகர மறுத்தது. கூடையின் பட்டி நெற்றியில் விழுந்திருக்கிற விதம், இரண்டு கையும் தனித்தனியாக ஓடுகிற வேகம், பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிற வீச்சு, எல்லாம் அப்படியே என் அம்மம்மா. நம் ஆட்களைத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்ததுபோல, அந்தத் தோட்டங்களுக்கு நேபாளத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பேசுவது நேபாளி. லயன் வீடுகளும், சம்பளத்துக்கான போராட்டமும் நமக்குத் தெரிந்தவைதான். இலங்கையிலிருந்து போகிறவருக்கு அந்தத் தோட்டம் வெறும் காட்சியாக இருக்காது.

பாடசாலை விடுமுறையில்தான் போக முடியும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர், எது நல்லது?
வாசகர், பம்பலப்பிட்டி

ஓகஸ்டை மறந்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கடும் மழை. மண்சரிவில் பாதை மூடும், மலையும் தெரியாது.

ஏப்ரல் இதமான காலம். பூக்கள் மலரும், தேயிலையின் முதல் பறிப்பு நடக்கும். ஆனால் பகலில் புகார் படிந்து சிகரம் மறைந்து போவதும் உண்டு. டிசம்பரில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், குளிர்தான் சோதிக்கும். இரவில் 2, 3 பாகைக்கு இறங்கும். பல விடுதிகளில் அறைச் சூடாக்கிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். டிசம்பரில் செடிக்கு ஓய்வு என்பதால் கொழுந்து பறிப்பதையும் காண முடியாது. வருடம் முழுக்கப் பறிக்கிற நம் ஊர் ஆட்களுக்கு அது விசித்திரமாக இருக்கும்.

மலைதான் முக்கியம் என்றால் டிசம்பர். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் ஏப்ரல். விடுமுறைக் கட்டு இல்லாதவர்களுக்கு நவம்பரைச் சொல்லுவேன். ஒக்டோபரும் அழகுதான், ஆனால் துர்கா பூசை விடுமுறைக்குக் கொல்கத்தாவே அங்கே ஏறி வந்துவிடும்.

எப்படிப் போவது? எத்தனை நாள் வேண்டும்?
வாசகர், தெஹிவளை

இந்திய இ-விசா எடுத்து, சென்னை, டெல்லி அல்லது கொல்கத்தா போய், அங்கிருந்து பாக்டோக்ராவுக்கு இன்னொரு விமானம். கொல்கத்தாவிலிருந்து இரவு ரயிலில் நியூ ஜல்பைகுரி வரைக்கும் போகலாம். அங்கிருந்து மேலே ஜீப்பில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். குளிர்காலத்தில் பாக்டோக்ராவில் பனிமூட்டத்தால் விமானம் தாமதமாகும், ஆகவே திரும்பும்போது அடுத்த விமானத்துக்கு நிறைய இடைவெளி விடுங்கள். இந்திய ரூபாய் கையில் காசாக இருக்கட்டும். அங்கே தேத்தண்ணிக் கடையில்கூட தொலைபேசியால்தான் காசு கட்டுகிறார்கள், நம் வங்கி அட்டையைச் சின்னக் கடைகளில் எடுக்க மாட்டார்கள்.

நாள் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டார்ஜிலிங்கில் மட்டும் நான்கு இரவு. ஒரு இரவு டார்ஜிலிங், ஒரு இரவு காலிம்பொங், ஒரு இரவு காங்டொக் என்று போடுகிற திட்டங்களை வாங்காதீர்கள். ஆரம்ப காலத்தில் நானும் அப்படித்தான் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போனேன். டைகர் ஹில்லில் மூன்றரை மணிக்குக் குளிரில் நின்றோம். மேகம் விலகவே இல்லை. அன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்பினோம். ஒரு அம்மா ஜீப்பில் போகும் வழியெல்லாம் பின்கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். மலை எங்கள் நேரசூசியைப் பார்த்துத் திரை விலக்காது. நான்கு காலை கையில் இருந்தால் ஒரு காலையாவது கிடைக்கும்.

டைகர் ஹில்லுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. சௌரஸ்தா சதுக்கத்திலிருந்து மகாகால் கோயில் குன்றைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. விடிய ஐந்தரைக்கு அதில் நடந்தாலே மலை தெரியும், வாகன இரைச்சல் இல்லை. சிகரத்தின் நுனியில் முதலில் ஒரு செம்புப் பொட்டு விழும். பிறகு அது வழிந்து இறங்கும்.

அந்தச் சதுக்கத்தில் நிற்கிற சிலையைப் பார்க்காமல் வராதீர்கள். அவர் பானுபக்த ஆச்சார்யா, இராமாயணத்தை நேபாளியில் பாடியவர். கம்பரை நாம் கொண்டாடுவதுபோல அவரை அங்கே கொண்டாடுகிறார்கள். மகாகால் கோயிலில் இந்துப் பூசகரும் பௌத்த பிக்குவும் ஒரே சன்னிதியில் இருப்பார்கள், அதையும் பாருங்கள்.

பொம்மை ரயிலில் முழுத் தூரமும் போகலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

ரயில் பைத்தியம் என்றால் போங்கள். நியூ ஜல்பைகுரியிலிருந்து 88 கிலோமீட்டர், ஏழு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்புகிற இரண்டு மணித்தியாலப் பயணம் போதும். நீராவி இயந்திரம் இழுக்கிற பெட்டியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இந்த மலை ரயில் பாதை 1881இல் டார்ஜிலிங்கை எட்டியது, 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையானது. தண்டவாள அகலம் வெறும் இரண்டடி. நம் பதுளைப் பாதை ஐந்தரை அடி. கூம் நிலையம் 2,258 மீட்டரில் இருக்கிறது. நம் பட்டிப்பொலை 1,898 மீட்டர், சிவனொளிபாதமலை உச்சியே 2,243 மீட்டர்தான். தெமோதரையில் ரயில் வளைந்து வந்து தன் நிலையத்துக்குக் கீழேயே நுழைகிறதல்லவா, அதே யோசனைதான் இந்தப் பாதையிலுள்ள பத்தாசியா வளைவிலும். ஏற்றத்தைக் குறைக்கப் பாதையைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள்.

ஏறுமுன் இயந்திரத்தின் முன்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற ஆட்கள் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கக் கையால் மணல் தூவுவார்கள். ரயில் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போகும், கடைக்காரர் வெளியே தொங்கும் சாமானை எட்டி உள்ளே இழுப்பார். கரித்தூள் தலையில் கொட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?
வாசகி, வெள்ளவத்தை

பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

முதலில் மோமோ. பார்த்தால் நம் மோதகத்தின் தம்பி. மாவை மெல்லிசாக உருட்டி, நடுவில் உள்ளீட்டை வைத்து, விளிம்பைச் சுருக்குச் சுருக்காக மடித்து மேலே முடிச்சுப் போடுவார்கள். இடியப்பத்தட்டுகளை அடுக்குவதுபோல அடுக்கிய அலுமினியப் பாத்திரத்தில் அவிப்பார்கள். சைவ மோமோவில் பொடியாக நறுக்கிய கோவா, வெங்காயம், சில இடத்தில் பன்னீர் இருக்கும். மூடியைத் திறந்ததும் எழுகிற ஆவியில் கடைக்காரரின் முகமே மறைந்துபோகும். சூட்டோடு ஓரத்தில் சின்னதாகக் கடித்து, உள்ளே இருக்கிற சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தருகிற சிவப்புச் சட்னியில் டல்லே என்கிற உருண்டை மிளகாய் சேர்ந்திருக்கும். செரிப்பழம் மாதிரி அழகாக இருக்கும். நம் கொச்சிக்காய்க்குப் பழகிய நாக்கென்றாலும் முதலில் நுனியில் வைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது, ஒரே பாத்திரத்தில் பன்றி, மாட்டு இறைச்சி மோமோவும் அவிக்கிற கடைகள் உண்டு. மச்சம் சாப்பிட்டாலும் மாடு சாப்பிடாதவர்கள் கட்டாயம் கேளுங்கள். துக்பா என்கிற நூடில்ஸ் சூப்பை "வெஜ்" என்று தந்தாலும், அடியில் எலும்புச் சாறு இருக்கலாம். கண்டிப்பான சைவர்கள், மார்வாடிகள் நடத்துகிற சுத்த சைவக் கடைகளுக்குப் போவது நிம்மதி.

செல் ரொட்டியைத் தவறவிடாதீர்கள். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கையாலேயே கொதிக்கிற எண்ணெயில் வளையமாக ஊற்றுவார்கள். அரியதரத்தின் மணமும் வடையின் மொறுமொறுப்பும் சேர்ந்த மாதிரி. ஆலு தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியோடு காலைச் சாப்பாட்டுக்கு அருமை. தீபாவளிக் காலத்தில் வீடு வீடாகச் சுடுவார்கள். குந்துருக் என்று, புளிக்கவைத்துக் காயவைத்த கீரையில் ஒரு சூப்பு வைப்பார்கள். குளிரில் சோற்றோடு அது இறங்கும்போது உடம்பே தளரும்.

தேங்காய் கிடையாது, கடுகெண்ணெய் மணம் எல்லாவற்றிலும் இருக்கும். மூன்றாம் நாள் சம்பலுக்கு ஏங்குவீர்கள். ஒரு போத்தல் இடித்த சம்பலைப் பெட்டியில் வையுங்கள், நான் எப்போதும் வைப்பேன்.

ஹலால் கிடைக்குமா?
வாசகர், மருதானை

கிடைக்கும். பஜார்ப் பக்கம் பள்ளிவாசல் இருக்கிறது, அதையொட்டி முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. மற்றக் கடைகளில் சைவ மோமோவாக இருந்தாலும் பாத்திரம் தனியா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள், உள்ளதைச் சொல்லுவார்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு போகலாமா?
வாசகி, கல்கிசை

தாராளமாக. மூச்சுப் பயம் பெரிதாக வேண்டாம், இந்த உயரம் பெரும்பாலானோருக்குத் தாங்கும். இருதய நோய், ஆஸ்துமா இருந்தால் மட்டும் முன்பே வைத்தியரைக் கேளுங்கள். உண்மையான எதிரி படிக்கட்டு. ஊரே ஒரு மலைமுகட்டில் தொங்குகிறது. சௌரஸ்தா பக்கம் வாகனம் வராது, அங்குள்ள விடுதிகளுக்குக் கடைசித் தூரம் நடக்க வேண்டும். அம்மாவுக்காக வாகனம் வாசல்வரை வருகிற விடுதியாக, கீழ்த்தள அறையாகக் கேட்டு எடுங்கள். ஜீப்பில் முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள், வளைவுகளில் பின்னால் இருப்பவருக்குத்தான் வயிற்றைப் பிரட்டும்.

பத்மஜா நாயுடு மிருகக்காட்சிசாலையில் சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் இருக்கின்றன. எவரெஸ்டில் ஏறிய டென்சிங் நோர்கே பயிற்சி இயக்குநராக இருந்த மலையேற்ற நிறுவனமும் அதே வளாகத்தில்தான், அவருடைய சமாதியும் அங்கே. உள்ளே ஏற்றம் அதிகம், அம்மா மெதுவாக நடக்க அரைநாள் ஒதுக்குங்கள். வியாழன் மூடியிருக்கும்.

ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானது. வெள்ளைக்காரர் காலத்துச் செஞ்சல் ஏரித் தண்ணீரையே இன்றைக்கும் பெரிதாக நம்பியிருக்கிறார்கள். சுடுதண்ணீர் ஒரு வாளி தந்தால் அதில் குளித்துவிடுங்கள், அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியே சிக்கிமுக்கும் போகலாமா?
வாசகர், பம்பலப்பிட்டி

போகலாம், ஆனால் வெளிநாட்டவர்களான நமக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். சீன எல்லையிலுள்ள நாது லா கணவாய்க்கு இந்தியர்களை மட்டும்தான் விடுவார்கள். அதைக் காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிலோன் தேத்தண்ணி குடித்து வளர்ந்த நாங்கள் டார்ஜிலிங் தேயிலை வாங்க வேண்டுமா?
வாசகர், தெஹிவளை

நூறு கிராம் வாங்குங்கள். அது வேறு சுவை. அங்கே பெரும்பாலும் சின்ன இலைச் சீனச் செடி, குளிரில் மெதுவாக வளர்வது. மார்ச், ஏப்ரல் முதல் பறிப்பில் பச்சை மணமும் பூ மணமும் இருக்கும். மே, ஜூனில் பறிப்பது நிறம் கூடி, திராட்சை வாசத்தோடு வரும். இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் பொருளே இதுதான். 87 தோட்டங்களில் விளைவதை மட்டும்தான் டார்ஜிலிங் தேயிலை என்று விற்கலாம். ஆகவே தோட்டத்தின் பெயரும் பறிப்புக் காலமும் அச்சிட்ட பொதியாக வாங்குங்கள். பாதையோரத்தில் குவித்து வைத்திருப்பது வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நம் வழக்கப்படி சாயம் இறங்க விட்டு, பாலும் சீனியும் போட்டால் காசு வீண். தண்ணீர் கொதித்ததும் இறக்கி ஒரு நிமிடம் வையுங்கள். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை, மூன்று நிமிடம், வடித்துவிடுங்கள். வைக்கோல் நிறத்தில் வெளிறித்தான் இருக்கும், அதுதான் சரி.