தாத்தா பார்த்த மௌனப் படத்தின் பிரதி கிடைக்குமா?

கும்பகோணத்தில் தாத்தா பார்த்த மௌனக் காதல் படத்தின் பிரதியைத் தேடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வத'மே இன்று இல்லை.

அன்றைய ஃபிலிம் நைட்ரேட் வகை. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பினாலும், காவிரிக் கரையின் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொடியாகும். நெல்லைக் காய வைத்துக் குதிரில் காத்த ஊரில், பெட்டிக்குள் கிடந்த படச்சுருளை யார் கவனித்தார்கள்? பேசும் படம் வந்ததும் மௌனப் படத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. ஃபிலிமின் மேற்பூச்சில் இருந்த வெள்ளிக்காகவே பல சுருள்களைக் கரைத்தார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததோ 1964இல்தான்.

தப்பிய ஒன்று 1933இன் 'மார்த்தாண்ட வர்மா', அதே பெயருள்ள மலையாள நாவலை வைத்து எடுத்த மௌனப் படம். அந்த நாவலின் பதிப்புரிமை வழக்கில் படப் பிரதி நாவலின் பதிப்பாளரிடம் முடங்கியது. அந்த வழக்குதான் அதைக் காப்பாற்றியது, வேடிக்கைதான்!

முதலில் அந்தக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் தேடுங்கள். படச்சுருள் இராது, பழைய நோட்டீஸ் இருக்கலாம். படத்தின் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சுருளே அகப்பட்டால் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள்.