நகரில் இயற்கையை மீட்கும் படிப்பு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

தங்கள் மகள் கட்டடப் பொறியியலை விடுத்துச் சூழலியல் படிக்க விரும்புவதையும், அந்தப் படிப்புக்கு வேலை எங்கே இருக்கிறது என்ற தங்கள் கவலையையும் கடிதத்தில் அறிந்தேன். கவலை நியாயமானதே. ஆயினும், கட்டடங்களுக்கு நடுவே இயற்கையை மீட்பது ஆர்வலர்களின் விருப்பம் என்ற நிலையைத் தாண்டி, கட்டுமான அனுமதியோடு பிணைந்த சட்டக் கடமையாகச் சில நாடுகளில் மாறிவிட்டது. வேலைவாய்ப்பு அந்தக் கடமையிலிருந்துதான் பிறக்கிறது.

இங்கிலாந்தில், 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி, 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள், சில விலக்குகள் தவிர, மனையில் முன்பிருந்ததைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலான பல்லுயிர் மதிப்பை, அதாவது வாழிடங்களின் வளத்தை எண்ணால் காட்டும் அளவை, உருவாக்கித் தர வேண்டும். குறிப்பிடத்தக்க மேம்பாடுகளை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். இதற்காகக் களத்துக்குச் செல்லும் சூழலியலாளர், புல்வெளியில் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டகத்தை வைத்து, அதற்குள் எத்தனை வகைத் தாவரங்கள் வளர்ந்திருக்கின்றன என்று குனிந்து எண்ணுகிறார். பிறகு வாழிடத்தின் பரப்பு, தனித்தன்மை, நிலை முதலியவற்றுக்குரிய எண்களைப் பெருக்கி மதிப்பைக் காண்கிறார். தாவரத்தைத் தவறாக இனங்கண்டால் கணக்கே பிழைபடும் என்பதால், இத்துறையில் மென்பொருள் அறிவைவிட இனங்காணும் திறனையே நான் முதலில் வைப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டமும் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

பொறியியலை அடியோடு கைவிட வேண்டும் என்பதும் இல்லை. கட்டடத்தின் மேல் செடிகள் வளர்க்கும் பசுமைக்கூரையை அமைக்கும்போது, மழையில் ஊறிய மண்ணின் எடையைக் கட்டடம் தாங்குமா என்பதைப் பொறியாளரும், எவ்வளவு ஆழ மண்ணில் எந்தச் செடி நிலைக்கும் என்பதைச் சூழலியலாளரும் பார்க்கிறார்கள். இரண்டையும் புரிந்துகொண்டு பேசக்கூடியவருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. எனவே பொறியியல் பட்டத்துக்குப் பின் சூழலியலில் முதுகலை என்பதும் நல்ல வழியே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுமானத் தொழில் மந்தமானால் இந்த வேலையும் மந்தமாகும். அரசுகள் விதிகளைத் தளர்த்தினாலும் அப்படியே. அதனால், ஆலோசனை நிறுவனங்களை மட்டும் நம்பாமல், உள்ளாட்சித் திட்டமிடல், நீண்டகாலக் கண்காணிப்பு ஆகிய பணிகளுக்கும் தகுதியாகும்படி, நிலவரைபட மென்பொருளையும் திட்டமிடல் சட்டத்தையும் தங்கள் மகள் சேர்த்துக் கற்கட்டும்.

கல்லூரியில் விசாரிக்கும்போது, களப்பணி எத்தனை வாரங்கள், தாவர வகைப்பாட்டியல் தனிப் பாடமாக உண்டா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அங்கே சேர்க்க வேண்டாம்.